ஒரு பிளான், இரண்டு வானம்

சேலத்தில் எனக்கு ஒரு பழைய சிநேகிதர் உண்டு. ஜவுளி வியாபாரி. தாராள மனசு, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். யோசனை கேட்பது மட்டும் அவருக்குப் பழக்கமில்லை. போன வருஷம் சித்திரை மாதம், புதிதாகக் கட்டிய வீட்டைப் பார்க்க வரும்படி கூப்பிட்டிருந்தார். பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பழுக்கக் காய்ந்த கிரானைட் படியில் இரண்டு துள்ளுத் துள்ளி உள்ளே விழுந்தேன். மேற்குப் பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடி. தலைக்கு மேல் மொட்டைத் தளம். திண்ணையும் இல்லை, தாழ்வாரமும் இல்லை. ஜன்னல்களுக்கு மேலே ஓரடி நிழல்கூட இல்லை. ஆனால் அறைக்கு ஓர் ஏ.ஸி. இருந்தது. "மொத்தம் ஆறு!" என்று, பேரன் பேத்திகளை எண்ணிக் காட்டுகிறவர் மாதிரி எண்ணிக் காட்டினார்.

மார்கழியில் மறுபடியும் போன் செய்தார். "ஏற்காட்டிலும் ஒன்று முடித்துவிட்டேன். வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போ" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மூடுபனிக்குள் நுழைந்து, ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரமாகக் கார் நின்றது. இறங்கிப் பார்த்தால், சித்திரையில் பார்த்த அதே வீடு மலையேறி வந்து என் முன்னால் நின்றுகொண்டிருந்தது! அதே மொட்டைத் தளம், அதே ஒன்பது அங்குலச் சுவர், அதே கண்ணாடி.

"ஏம்ப்பா, இது அந்த வீடேதானே?"

"அதே பிளான்தான். என்ஜினீயருக்கு இரண்டு தடவை பீஸ் கொடுக்கவில்லை, பார்த்தாயா?"

அன்று இரவு எங்களுக்கு நடுவில் சிவப்புக் கம்பிகள் கனிகிற மின்சார அடுப்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு அதன் முன்னால் கையை நீட்டியபடி ஊர்க்கதை பேசினோம். முன்பக்கம் பொசுங்கியது, முதுகு விறைத்தது. எனக்கு ஆறு ஏ.ஸி.களின் ஞாபகம் வந்தது. மலைக்குக் கீழே குளிரைக் காசு கொடுத்து வாங்குகிறார். மலைக்கு மேலே சூட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார். என்ஜினீயருக்கு மிச்சப்படுத்திய பீஸை மின்சார இலாகாவுக்கு மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்.

என் சிநேகிதரைப் பரிகாசம் செய்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவருக்குக் கட்ட முடிகிறது, கட்டுகிறார். அந்த மின்சார அடுப்பை வாங்க முடியாதவர்களும் இதே பிளானில்தான் வாழ்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் காலை தனியாக நடக்கக் கிளம்பினேன். இரண்டு மைல் நடந்தால் ஒரு மலையாளிக் கிராமம். மலையாளி என்றதும் கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வராயன் மலையை ஆளுகிற பழங்குடி ஜனங்களுக்கு அதுதான் பெயர். முப்பது நாற்பது வீடுகள். முதல் வீட்டின் வாசலில் எழுபது வயதிருக்கும் பாட்டி ஒருத்தி மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கார் திட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடு. அதன் பக்கவாட்டில் ஒட்டினாற்போல, மூங்கில் தட்டியில் செம்மண் பூசிப் புல் வேய்ந்த ஒரு சின்னக் குடில். நான் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "உள்ள வாங்கய்யா" என்று அந்தக் குடிலுக்குள் கூப்பிட்டாள். அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே பரண். பரணில் ராகி மூட்டை. மூலையில் சுருட்டி வைத்த பாய்.

"அந்த வீடு இருக்கும்போது இங்கேயா படுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"தார்சு வீடு நல்ல வீடுதானுங்க. பொட்டி வெக்க, பீரோ வெக்க, ரேசன் சாமான் வெக்க எல்லாத்துக்கும் ஆகுது. பனிக் காலத்துல படுக்கத்தான் ஆகமாட்டேங்குது. மேலேருந்து சில்லுனு எறங்குது. செவுரு வேர்க்குதுங்க."

சுவர் வேர்க்கிறது! போய்ப் பார்த்தேன். உண்மைதான். தளத்தின் அடிப்பக்கமும் சுவரின் மேல்பகுதியும் கையை வைத்தால் நனைந்தன. மூலைகளில் கறுப்பாகப் பூசணம். எந்த மேல்நாட்டுப் பொறியியல் புஸ்தகமும் இவ்வளவு கச்சிதமாக இந்த விஷயத்தைச் சொல்லியிருக்க முடியாது.

சேலம் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 5,000 அடி. சாலை வழியாக முப்பது கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி உஷ்ணம் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே எட்டு டிகிரி. மழையும் மேலே ஒன்றரை மடங்கு. கீழே மே மாதத்துப் பகல் நாற்பதை எட்டுகிறது. மேலே மார்கழி, தை இரவுகள் பன்னிரண்டு பதின்மூன்று வரை இறங்குகின்றன. சாப்பாட்டை மாற்றிக்கொள்கிறோம், துணியை மாற்றிக்கொள்கிறோம், மலைக்குப் போகிறவன் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை. வீடு மட்டும் ஏன் சட்டையை மாற்றிக்கொள்ளாமல் மலையேறுகிறது?

மொட்டைத் தளம் என்பது நாலு அங்குலமோ ஐந்து அங்குலமோ கனமுள்ள ஒரு கான்கிரீட் பலகை. கீழ்நாட்டில் அது பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிறது. குடித்ததை உடனே கக்கிவிடுவதில்லை. சில மணி நேரம் வைத்திருந்து, ஜனங்கள் வேலை முடிந்து வீடு திரும்பிப் பாயை விரிக்கிற நேரம் பார்த்து, நிதானமாகக் கீழே இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் அள்ளி முகத்தில் வீசுகிறது. சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கமோ கொண்டலாம்பட்டிப் பக்கமோ, தறியும் படுக்கையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற வீடுகளில் சித்திரை மாதத்து இரவு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிமென்ட் ஷீட் போட்ட வீடாக இருந்தால் பகலே நரகம். தளம் போட்ட வீடாக இருந்தால் இரவும் நரகம். பகலில் வெந்த உடம்பு ஆறுவதற்கு இரவு ஒன்றுதான் உண்டு. அந்த இரவைத் தளம் பறித்துக்கொள்கிறது.

மேலே மலையில் இதே பலகை வேறு விதமாகத் துரோகம் செய்கிறது. மார்கழி இரவில், மேகமில்லாத வானத்துக்குத் தன்னிடம் இருந்த சூட்டையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு, வீட்டுக்குள் இருக்கிற சூட்டையும் பிடுங்கிக் கொடுக்கிறது. அடிப்பக்கம் சில்லிட்டுப் போனதும், உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சுக் காற்றில் உள்ள ஈரம் அதில் வந்து படிகிறது. பாட்டி சொன்ன வேர்வை அதுதான். அந்த ஈரத்தில்தான் பூசணம் பிடிக்கிறது. அந்தப் பூசணத்தைச் சுவாசித்துத்தான் குழந்தைகளுக்கு இழுப்பு வருகிறது.

எகிப்து தேசத்தில் ஹஸன் ஃபாத்தி என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். மண் செங்கல்லால் வீடு கட்டலாம் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். 1964-ல் கெய்ரோவில் சில மாதிரி அறைகளைக் கட்டிப் பரீட்சை செய்தார்கள். மண்ணால் சுவரும் வளைகூரையும் எழுப்பிய அறையில் இருபத்துநாலு மணி நேரமும் உஷ்ணம் இரண்டு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கவில்லை. ஆலையில் வார்த்து எடுத்து நிறுத்திய கான்கிரீட் அறையோ வெளிக்காற்றையும் மிஞ்சிக்கொண்டு 36 டிகிரிக்குப் போயிற்று. வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைவிட வீட்டுக்குள் இருப்பது அதிகச் சூடு! மரத்தடியைவிட மோசமான ஒன்றைப் பணம் செலவழித்துக் கட்டுவதற்கு வீடு என்று பேர் எதற்கு?

ஃபாத்தி கட்டிய புது கூர்னா கிராமத்துக்குக் குடியேற அந்த ஊர் ஜனங்கள் மறுத்துவிட்டார்கள் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. அவர்களுடைய பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது. உஷ்ணமானியை மட்டும் பார்த்து வீடு கட்டினால் போதாது. மனுஷனையும் பார்க்க வேண்டும். இதை நான் பின்னால் பேசுகிறேன்.

சூரியன் விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் பக்கத்தில் சித்திரையில் ஒரு தடவையும் ஆவணியில் ஒரு தடவையும் உச்சி வேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறது. நடுவில் உள்ள நாலு மாதமும் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடுகிறது. அதாவது, கோடையில் நம் வீட்டின் பிரதான சத்துரு கூரைதான். அடுத்த சத்துரு மேற்குச் சுவர். தெற்குச் சுவரோ, பனிக் காலத்து வெயிலை வாங்கித் தருகிற சிநேகிதன். சேலத்து வீட்டுக்கு மேற்கே கண்ணாடி வைப்பது திருடனுக்குச் சாவி கொடுப்பது. ஏற்காட்டு வீட்டுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் ஜன்னல் வைக்காமல், பள்ளத்தாக்கு அழகாகத் தெரிகிறது என்பதற்காக வடமேற்கே கண்ணாடி வைப்பது, விருந்தாளியை வாசலில் நிறுத்திவிட்டுத் திருடனுக்கு இலை போடுவது. ஒற்றைக் கண்ணாடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பகலில் அரைமணி நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்ததற்கு இரவெல்லாம் அபராதம் கட்ட வேண்டியிருக்கிறது.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. கூரையைப் பொறுத்தமட்டில் கீழே உள்ளவனுக்கும் மேலே உள்ளவனுக்கும் வேண்டியது ஒன்றேதான்: தளத்துக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு. சேலத்தில் அது வெயிலை உள்ளே விடாது. ஏற்காட்டில் அதுவே சூட்டை வெளியே விடாது. வித்தியாசம் ஜன்னலில், தாழ்வாரத்தில், முற்றத்தில், வீடு பார்க்கிற திசையில். கொங்குச் சீமையின் தொட்டிக்கட்டு வீட்டைப் பாருங்கள். நடுவே திறந்த தொட்டி, சுற்றிலும் ஆசாரம், இரவில் இறங்குகிற குளிர் தொட்டிக்குள் தங்கிப் பகலெல்லாம் செலவாகும். அதே தொட்டியை மலைக்குத் தூக்கிக்கொண்டு போனால் வீட்டுக்கு நடுவிலே பனி கொட்டும். மலையில் அந்த இடத்துக்கு அடுப்பு வர வேண்டும். ஆகவே என் சிநேகிதர் ஒரே யோசனையை இரண்டு இடத்தில் உபயோகித்தது தவறல்ல. எந்த யோசனையை உபயோகிக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் உபயோகித்ததுதான் தவறு.

மலையாளி ஜனங்கள் தங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கதையோ, சரித்திரமோ, எப்படியிருந்தாலும் ஒரு காலத்தில் அவர்களும் சமவெளிக்காரர்கள் என்றுதான் அர்த்தம். ஆனால் அவர்கள் காஞ்சிபுரத்து பிளானைத் தலையில் தூக்கிக்கொண்டு வரவில்லை. மலையில் மூங்கில் இருந்தது, செம்மண் இருந்தது, புல் இருந்தது. காற்று நுழையாதபடி தாழ்வாக இறவாணம் இறக்கினார்கள்; ஜன்னலைச் சுருக்கினார்கள்; அடுப்பை நடுவே வைத்தார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரர்களையும் சொல்ல வேண்டும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில்தான் இந்த மலைக்குக் காப்பிச் செடி வந்தது. காப்பியின் பின்னாலேயே பங்களாக்கள் வந்தன. அவர்களைப் புகழ்வது என் உத்தேசமல்ல. காட்டை வெட்டி எரித்துக் குளிர் காய்ந்தவர்கள். ஆனால் குளிர் தேசத்திலிருந்து வந்தவர்களாகையால், கனத்த சுவரும் சாய்ந்த கூரையும் புகைபோக்கியும் வேண்டும் என்ற ஞானமாவது அவர்களுக்கு இருந்தது. சுதந்திரம் வந்த பிறகு மலையேறிய நமக்குத்தான் அந்த ஞானமும் இல்லை, மலையாளியின் ஞானமும் இல்லை. சேர்வராயன் மலையின் பாக்ஸைட்டை வெட்டி எடுத்து மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியம் ஆக்கின காலம் ஒன்று உண்டு. அந்த அலுமினியத்தில் கொஞ்சம் ஜன்னல் சட்டமாகி, கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு, பிறந்த மலைக்கே திரும்பி வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சர்க்கார் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2011-ல் தமிழ்நாட்டில் சூரிய சக்திப் பசுமை வீடுகள் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். 300 சதுர அடி. வீட்டுக்கு 1,80,000 ரூபாய். சூரிய ஒளியில் எரிகிற ஐந்து விளக்குகள். நல்ல எண்ணம்தான். விளக்கு எரிந்த வீட்டில் குழந்தை படித்திருக்கும். ஆனால் கூரையின் தலையில் சூரியனைப் பிடிக்க ஒரு தகடு, அந்தத் தகட்டுக்கு அடியில் சூரியனைத் தாராளமாக உள்ளே விடுகிற மொட்டைத் தளம்! இதற்குப் பசுமை என்று பேர். மத்திய சர்க்கார் 2016-ல் தொடங்கிய கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1,20,000 ரூபாய் என்றும், மலைப் பிரதேசங்களுக்கும் எளிதில் போய்ச் சேர முடியாத இடங்களுக்கும் 1,30,000 ரூபாய் என்றும் வகுத்தார்கள். மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய்! அது வானத்துக்காகக் கொடுத்த பணமல்ல; செங்கல்லையும் சிமென்டையும் மேலே ஏற்றுகிற லாரிக்காரனுக்குக் கொடுக்கத்தான் காணும். வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறான மாதிரி வீடுகளைத் தொகுத்து மத்திய சர்க்காரே புஸ்தகம் போட்டிருக்கிறது. புஸ்தகம் அலமாரியில் இருக்கிறது. கிராமத்துக்கு வருவது சென்ட்ரிங் பலகைதான்.

2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிகிறது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத வேறு கூரையை வீட்டுக்காரர் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். விருப்பம் என்ற ஒரு வார்த்தை அந்த அறுபது சதுர அடியிலாவது நுழைந்துவிட்டது. மற்ற முந்நூறிலும் அது நுழைந்தால் என்ன முழுகிப்போகும்?

"குடிசையிலேயே கிட என்கிறாயா?" என்று என்னைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வெகு நியாயமான கேள்வி. மற்றவர்களுக்குப் புல் கூரையைச் சிபாரிசு செய்துவிட்டு, தான் டைல்ஸ் தரையில் நடக்கிற எழுத்தாளனை நானும் நம்பமாட்டேன். புல் கூரை தீப்பிடிக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதில் பாம்பும் தேளும் குடியிருக்கும். ஜன்னலில்லாத அறையில் அடுப்புப் புகை பெண்களின் நுரையீரலைத் தின்றுவிடும். அந்தக் குடிலில் நான் காப்பி குடித்த பத்து நிமிஷத்தில் என் கண் சிவந்துவிட்டது. பாட்டி அங்கேயே ஆயுளைக் கழித்திருக்கிறாள். அதோடு, தார்சு வீடு என்பது வெறும் கூரை அல்ல. தலைமுறை தலைமுறையாகக் 'குடிசைக்காரன்' என்று கூப்பிட்ட வாயை மூடுகிற கவசம் அது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன் வீட்டைப் பார்க்கிறான். அந்தக் கௌரவத்தை யாரிடமிருந்தும் பிடுங்க எனக்கு உத்தேசம் இல்லை. அந்தக் கௌரவத்துக்குள்ளே உறக்கமும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கௌரவத்துக்கு ஒரு வீடு, படுப்பதற்கு ஒரு குடில் என்று எழுபது வயதில் ஒருத்தி இரண்டு வீடு நடத்த வேண்டியிருப்பது யாருடைய குற்றம்?

"இதற்கெல்லாம் பணம் அதிகம் ஆகும்" என்பது அடுத்த ஆட்சேபம். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்க்காதவர்கள். லாரி பேக்கர் என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து இந்தியராகவே 2007-ல் திருவனந்தபுரத்தில் கண்ணை மூடியவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கிற பொருள்களைக் கொண்டு வீடு கட்ட வேண்டும் என்று காந்திஜி தம்மிடம் சொன்னதை அவர் மறக்கவில்லை. இமயமலையில் பித்தோராகர் பக்கம் ஏறக்குறைய பதினைந்து வருஷம் இருந்தார். அங்கே மலை ஜனங்களிடம் கற்றுக்கொண்டு, கல்லிலும் மரத்திலும் கட்டினார். பிறகு கேரளத்துக்கு வந்தார். இமயமலை பிளானைத் திருவனந்தபுரத்தில் விரிக்கவில்லை. அங்கே காற்று நுழைகிற சல்லடைச் செங்கல் சுவர் கட்டினார். ஒரே மனுஷர், இரண்டு வானம், இரண்டு விதமான வீடு. அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்கிற முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுவருக்குள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். அதே ஒன்பது அங்குலச் சுவர். செங்கல்லில் கால் பங்கு மிச்சம். நடுவே அடைபட்ட காற்று, சேலத்தில் சூட்டையும் ஏற்காட்டில் குளிரையும் தடுக்கும். தளத்திலும் அப்படித்தான். கான்கிரீட் பலகையின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே உள்ள கான்கிரீட் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு சீமை ஓட்டைச் சேர்த்துக் கவிழ்த்து வைத்து வார்த்தால் சிமென்டும் குறையும், கம்பியும் குறையும், தளமும் ஆறுதலாக இருக்கும். செலவு குறைகிற இந்த முறைகளைத்தான் செலவு அதிகம் என்று சொல்லித் தள்ளுகிறோம்!

ஏற்கனவே தளம் போட்டுவிட்டவர்களுக்கும் கதி உண்டு. நம் தாத்தா காலத்தில் மெட்ராஸ் டெரஸ் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தார்கள். தளத்தில் மண் கலயங்களைக் கவிழ்த்து அடுக்கி, இடுக்கில் கலவை போட்டு மூடுகிற வழக்கமும் உண்டு. கலயத்துக்குள் இருக்கிற காற்று சம்பளம் இல்லாத வேலைக்காரன். ஒன்றும் முடியாவிட்டால், கோடைக்கு முன்னால் நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். மலையில் இருக்கிறவர்கள் தளத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பலகை மச்சு அடிக்கலாம். அல்லது தளத்துக்கு மேலே சாய்வாக ஓட்டுக் கூரை எழுப்பலாம். மழையும் வழிந்துவிடும், சுவர் வேர்ப்பதும் நிற்கும்.

ஏற்காட்டு வீட்டைக் கட்டிய மேஸ்திரியை அங்கேயே சந்தித்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சிரித்தார். "எல்லாம் தெரியுமுங்க. ஓட்டுச் சாரம் கட்ட எனக்குக் கை பழகினதுதான். ஆனா யாரும் கேக்கறதில்லை. ஓடு போடலாம்னு சொன்னா, என்ன மேஸ்திரி, பழைய காலத்துக்குப் போறீங்களேன்னு கேக்கறாங்க" என்றார்.

"உங்கள் வீடு?"

"என் வீடு ஓட்டு வீடுதானுங்க" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் நாம்தான், வாசகர்களே. கதையும் பத்திரிகையும் படிக்கிற, மாதச் சம்பளமும் வங்கிக் கடனும் உள்ள நாம். 2018-ல் மத்திய எரிசக்திச் சிக்கன அமைப்பு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் குடியிருப்புகளுக்கு விதிகள் வெளியிட்டது. கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூடு கடக்கக் கூடாது என்று எல்லை கட்டியது. மேலே ஒன்றுமே பதிக்காத வெறுந்தளம் அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கடத்தும். அருமையான விதி. ஆனால் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளை உத்தேசித்தே அது எழுதப்பட்டது. அதாவது பன்னிரண்டு சென்டுக்கு மேல்! நம்மில் எத்தனை பேர் பன்னிரண்டு சென்டில் வீடு கட்டினோம்? இரண்டரை சென்டில் கட்டுகிறவனுக்கு வெயில் அடிக்காது என்று நினைத்தார்களோ என்னவோ. விதி கேட்காதபோது நாமாவது கேட்கலாமல்லவா? கேட்பதில்லை. "மாடுலர் கிச்சன் எத்தனை அடி?" என்று கேட்கிறோம். "முகப்புக்கு என்ன கல்?" என்று கேட்கிறோம். மேற்கு எந்தப் பக்கம் என்று வாஸ்துக்காரரிடம் கேட்கிறோமே தவிர, மேற்கில் வெயில் எத்தனை மணி வரை விழும் என்று என்ஜினீயரிடம் கேட்பதில்லை. ஏ.ஸி. வாங்கும்போது மட்டும் ஐந்து நட்சத்திரம் இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறோம். ஓட்டைப் பாத்திரத்துக்கு ஐந்து நட்சத்திர மூடி!

நானும் யோக்கியன் அல்ல. முப்பது வருஷத்துக்கு முன்னால் கடன் வாங்கிக் கட்டிய என் வீட்டில், இறவாணம் பழைய மோஸ்தர் என்று நானே வேண்டாம் என்றேன். மாடி அறையில் உட்கார்ந்து எழுதலாம் என்று கனவு கண்டேன். அந்த அறையில் பங்குனி முதல் ஆனி வரை பகலில் உட்கார்ந்ததே இல்லை. என் நாவல்களில் பாதி சமையலறைக்குப் பக்கத்தில், குழம்பு தாளிக்கிற நெடியில் எழுதப்பட்டவை. சித்திரையில் சிநேகிதர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த மறு வாரம்தான் புத்தி வந்து, மாடித் தளத்தில் வெள்ளைத் தட்டோடு பதித்தேன். மேற்கு ஜன்னலுக்கு ஒரு மூங்கில் தட்டி கட்டினேன். இந்தக் கட்டுரையைப் பகல் இரண்டு மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேர்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உட்கார முடிகிறது.

சிநேகிதரிடம் இதில் பாதியைப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "எழுது, எழுது. என் பேரை மட்டும் போட்டுவிடாதே" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பலகை மச்சுக்குச் சதுர அடி என்ன ஆகும்?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, இன்னும் அடித்தபாடில்லை.

பாட்டி என்னிடம் கேட்டது வேறு. நான் புறப்படும்போது தயங்கித் தயங்கி, "சேலத்துல தார்ப்பாய் என்ன வெலை விக்குதுங்கய்யா?" என்றாள். குடிலுக்குப் புல் மாற்ற வேண்டுமாம். புல்லும் முன்போல் கிடைப்பதில்லை. வேய்கிற கை தெரிந்த மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். பதினைந்து அடிக்குப் பன்னிரண்டு அடி, நீல நிறத்தில் ஒன்று வாங்கி ஏற்காட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். தை மாதக் கடைசியில் மேஸ்திரி போனில் தகவல் சொன்னார். குடிலுக்குப் போட்டது போக ஒரு துண்டு மிஞ்சியதாம். அதைத் தார்சு வீட்டின் மேலே, மழைக்கு ஒழுகுகிற மூலையில் விரித்து நாலு கல்லைத் தூக்கி வைத்திருக்கிறாளாம்.